செம பசி... ஆனா வெயிட் குறையுது! வயிற்றுக்கும் தைராய்டுக்கும் என்ன கனெக்‌ஷன்?

`தட்டு நிறைய சாப்பிடுறேன், ஆனா வெயிட் ஏறவே மாட்டேங்குது' என்பார் ஒரு நண்பர். `ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன், அதுக்கே வயிறு கல்லு மாதிரி இருக்கு' என்று புலம்புவார் இன்னொருவர். இருவருமே `கேஸ் டிரபிளா இருக்கும்' என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆனால், பிரச்னை வயிற்றில் இல்லாமல் கழுத்தில்கூட இருக்கலாம் பாஸ்!

கழுத்தின் முன்பக்கம் பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் தைராய்டு சுரப்பி, உடல் எவ்வளவு வேகத்தில் இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த வேகத்துக்குக் குடலும் கட்டுப்பட்டதுதான்.

வயிறும் ஹார்மோன் சுரக்கும்!

வயிறு வெறும் பை இல்லை. காலியாக இருக்கும்போது `கிரெலின்' என்ற பசி ஹார்மோனைச் சுரந்து, மூளைக்குத் தகவல் அனுப்பும். சாப்பிட்டதும் அதன் அளவு இறங்கிவிடும். 1999-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்த ஹார்மோன் இது. `காஸ்ட்ரின்' என்று இன்னொன்று இருக்கிறது. வயிற்றில் அமிலம் சுரக்க வைப்பது அதன் வேலை.

தைராய்டு அதிகமானால்..?

இதுதான் ஹைப்பர்தைராய்டு. அகோரமாகப் பசிக்கும், ஆனாலும் எடை குறையும். `அப்போ கிரெலின் எகிறியிருக்கும்' என்றுதானே நினைப்பீர்கள்? இவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்த ஆய்வுகளில் கிரெலின் குறைவாகவே இருந்தது. சிகிச்சைக்குப் பிறகு அது பழைய அளவுக்குத் திரும்பியது.

அப்போ அந்தப் பசி எங்கேயிருந்து வருது? உடல் எரிபொருளை வேகவேகமாகச் செலவழிக்கிறது. அதை ஈடுகட்டச் சொல்லி மூளை கேட்கிறது. கூடவே குடலும் வேகமெடுப்பதால், ஒரு நாளைக்குப் பலமுறை டாய்லெட் போக வேண்டிவரும். படபடப்பு, கை நடுக்கம், அதிக வியர்வையும் சேர்ந்திருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

தைராய்டு குறைந்தால்..?

ஹைப்போதைராய்டில் எல்லாமே ஸ்லோமோஷன். குடல் மெதுவாக நகர்வதால் மலச்சிக்கல், வயிறு உப்புசம் வரும். கிரெலின் விஷயத்தில் ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்லவில்லை. சிலவற்றில் அதிகம், சிலவற்றில் மாற்றமே இல்லை.

எடை ஏறுவது உண்மைதான். ஆனால், தைராய்டால் மட்டும் ஏறுவது பொதுவாக 2 முதல் 5 கிலோவரைதான். அதிலும் பெரும்பகுதி உடலில் தங்கும் உப்பும் நீரும். அதனால், `கண்டதையும் தின்னா இப்படித்தான்' என்று ஒருவரைத் திட்டுவதும் தப்பு, 20 கிலோவுக்கும் தைராய்டு மேல் பழி போடுவதும் தப்பு.

என்ன டெஸ்ட் எடுக்கலாம்?

கிரெலின் டெஸ்ட்டெல்லாம் தேவையில்லை. முதலில் டி.எஸ்.ஹெச் ரத்தப் பரிசோதனை போதும். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அது ரிசல்ட்டையே மாற்றிக் காட்டும். முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மாத்திரை போடுறவங்க கவனத்துக்கு...

* ஹைப்போதைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் போடுங்கள். காபி, டிபனெல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான்.

* இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். `கேஸ்' என்று நீங்களே வாங்கிப் போடும் அமில எதிர்ப்பு மருந்துகளும் தைராய்டு மாத்திரை உடலில் சேர்வதைக் குறைக்கலாம்.

* டோஸ் மாற்றினால், 6 முதல் 8 வாரங்கள் கழித்துத்தான் சரியான அளவு தெரியும். அவசரப்படாதீர்கள்.

* டி.எஸ்.ஹெச் நார்மலான பிறகும் வயிறு படுத்துகிறதா? ஹாஷிமோட்டோ வகை தைராய்டு உள்ள சிலருக்கு கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயும், பி12 குறைபாடும் சேர்ந்து வரலாம். டாக்டரிடம் கேளுங்கள்.

* எடை குறைக்கணும்னு தைராய்டு மாத்திரையைக் கடன் வாங்கிப் போடவே கூடாது. இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும், ஜாக்கிரதை!