ஃபைல் காணோமா? பென்டிரைவை ஃபார்மட் செய்யும் முன் இதைப் படியுங்கள்

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பென்டிரைவில் வைத்திருக்கிறீர்கள். பிரவுசிங் சென்டரில் செருகிப் பார்த்தால் ஃபோல்டரைக் காணோம். அதே பெயரில் ஒரு ஷார்ட்கட் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. "வைரஸ் சாப்பிட்டுடுச்சு, ஃபார்மட் பண்ணிடலாமா?" என்று பக்கத்தில் ஒருவர் கேட்பார்.

கொஞ்சம் பொறுங்கள். அந்த ஷார்ட்கட்டைத் தொடாதீர்கள். அதைத் திறந்தால்தான் வைரஸ் அந்தக் கம்ப்யூட்டருக்குள் போகும். பென்டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸைப் பாருங்கள். வெறுமையாகத் தெரிகிற பென்டிரைவில் 2 ஜிபி நிரம்பியிருப்பதாகக் காட்டினால், உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கின்றன.

பிறகு ஏன் கண்ணில் படவில்லை? பென்டிரைவிலும் மெமரி கார்டிலும் பரவலாக இருப்பது டாஸ் காலத்திலிருந்து வரும் ஃபாட் என்ற கோப்பு அமைப்பு. அதில் ஒவ்வொரு ஃபைலுக்கும் 32 பைட் நீளத்தில் ஒரு பதிவு உண்டு. முதல் 11 பைட்டில் பெயர், அடுத்த ஒரே ஒரு பைட்டில் அந்த ஃபைலின் குணம். இந்தக் குணத்தைத்தான் அட்ரிபியூட் என்கிறார்கள். அந்த பைட்டை எட்டு சுவிட்ச் உள்ள ஒரு போர்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு மதிப்பு: 1 என்றால் ரீட் ஒன்லி, 2 ஹிடன், 4 சிஸ்டம், 16 என்றால் 'இது ஃபோல்டர்'. சாதாரண ஃபோல்டரின் மதிப்பு 16. ஷார்ட்கட் வைரஸ் செய்வது, ஹிடனையும் சிஸ்டத்தையும் போட்டு அதை 22 ஆக்குவது. அவ்வளவுதான். சான்றிதழில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

கையில் போன் இருக்கிறதல்லவா? ஓடிஜி கேபிளில் அதே பென்டிரைவைச் செருகி, ஃபைல் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ஃபோல்டர் பளிச்சென்று தெரியும். ஆண்ட்ராய்டு இயங்குவது லினக்ஸ் கெர்னலின் மேல். ஃபாட்டின் ஹிடன் சுவிட்சைப் பார்த்து லினக்ஸ் எதையும் மறைப்பதில்லை. விண்டோஸுக்காக எழுதப்பட்ட அந்த வைரஸும் போனில் ஓடாது. தேவையான ஃபைல்களை மட்டும் போனுக்கு காப்பி செய்துகொள்ளுங்கள்; ஷார்ட்கட்டையும், உங்களுக்குத் தெரியாத ஃபைல்களையும் விட்டுவிடுங்கள்.

லினக்ஸ் என்றதும் எங்கோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கினால் தெரியும் தரமணி டைடல் பார்க்கில்தான் மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் இருக்கிறது. 2007-ல் முதல் பதிப்பு வந்த பாஸ் லினக்ஸ் அந்த நிறுவனத்தின் தயாரிப்பு. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. போனில் இருப்பதும் பாஸில் இருப்பதும் ஒரே குடும்பத்துக் கெர்னல்தான்.

சரி, பென்டிரைவிலேயே அந்த சுவிட்சுகளை அணைக்க வேண்டும் என்றால்? 22-ஐ 16 ஆக்க வேண்டும். 'எல்லாவற்றையும் எடுத்துவிடு' என்று ஒரு புரோகிராம் 0 என்று எழுதிவிட்டால் 16-ம் சேர்ந்து போய்விடும். ஃபோல்டர் ஃபோல்டராகவே இருக்காது. உள்ளே இருக்கும் சான்றிதழ்களுக்கு வழி அடைபட்டுவிடும். வைரஸ் செய்ததைவிடப் பெரிய சேதம்! இருட்டில் ஃபேனை நிறுத்தப் போய் ஃபிரிட்ஜையும் அணைத்த கதைதான்.

அதனால் லினக்ஸின் ஃபாட் பகுதி, கேட்பவர் சொன்ன எண்ணை அப்படியே எழுதிவிடாது. 'இது ஃபோல்டர்' என்ற சுவிட்சைக் கேட்பவர் கையில் விடுவதே இல்லை; உண்மையில் ஃபோல்டராக இருந்தால் தானே 16-ஐச் சேர்த்துக்கொள்ளும். மாற்றுகிறவருக்கு அனுமதி உண்டா என்பதையும் எழுதும் முன்பே பார்த்துவிடும், எழுதிய பிறகு பார்த்து என்ன பயன்?

பூட்டு இன்னொரு விஷயம். ஒரு அலுவலகத்தில் இரண்டு பேர் பதிவேட்டின் ஒரே பக்கத்தை ஆளுக்கொரு ஜெராக்ஸ் எடுத்துத் திருத்தி, ஒருவர் பின் ஒருவராகத் திரும்ப ஒட்டினால், முதலில் ஒட்டியவரின் திருத்தம் காணாமல் போகும். இங்கேயும் அதே சிக்கல் வரும் என்பதால், ஒருவர் மாற்றி முடிக்கும் வரை அந்த ஃபைலின் பதிவு மற்றவருக்குப் பூட்டப்பட்டிருக்கும்.

விண்டோஸில் நீங்களே சரிசெய்யப் போனால் ப்ராப்பர்ட்டீஸில் ஹிடன் என்ற டிக் பெட்டி மங்கலாகி அசையாமல் நிற்கும். சிஸ்டம் சுவிட்சும் போடப்பட்டிருப்பதுதான் காரணம். அதற்கு 'அட்ரிப்' என்ற கட்டளை இருக்கிறது. ஹிடன், சிஸ்டம் இரண்டையும் சேர்த்து எடுக்கச் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஆன்டிவைரஸால் ஸ்கேன் செய்யுங்கள், இல்லையென்றால் எடுத்த கையோடு வைரஸ் மறுபடி மறைத்துவிடும்.

இதே காரணத்தால், ஆதார் நகலை ஹிடன் செய்து வைத்துவிட்டுப் பத்திரம் என்று இருந்துவிடாதீர்கள். அடுத்தவர் போனில் செருகினாலே அது தெரியும். பென்டிரைவைப் பொது இடத்தில் கொடுக்க வேண்டியிருந்தால், அன்றைக்குத் தேவையான ஃபைலை மட்டும் அதில் வைத்துக் கொடுங்கள்.