பீன்பாட் ஐஸ் ஹாக்கிப் போட்டி

பீன்பாட் என்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த நான்கு உயர்கல்வி நிறுவனங்களுக்கிடையே ஆண்டுதோறும் நடைபெறும் ஐஸ் ஹாக்கிப் போட்டியாகும். பாஸ்டன் கல்லூரி, பாஸ்டன் பல்கலைக்கழகம், ஹார்வர்டு பல்கலைக்கழகம், நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம் ஆகியவை இதில் ஆடுகின்றன. பாஸ்டன் நகரில் பீன்ஸ் விதைகளை வேகவைக்கும் பானையின் பெயரே போட்டிக்கும் பெயராயிற்று.

ஆட்டமுறை

நம் பகுதியில் ஹாக்கி என்றதும் கோவில்பட்டி நினைவுக்கு வரும். அங்கு ஆடப்படும் ஹாக்கியில் அணிக்கு 11 பேர். ஐஸ் ஹாக்கியில் கோல்காப்பாளர் உட்பட 6 பேர் பனித்தளத்தில் சறுக்கியபடி ஆடுவர். பந்துக்குப் பதிலாக 'பக்' எனப்படும் ரப்பர் வட்டு பயன்படுகிறது. 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள் உண்டு.

பிப்ரவரியின் முதல் திங்கட்கிழமை அரையிறுதிகளும், அடுத்த திங்கட்கிழமை மூன்றாமிட ஆட்டமும் இறுதி ஆட்டமும் நடைபெறும்.

வரலாறு

முதல் போட்டி 1952 டிசம்பரில் நடந்தது, ஹார்வர்டு வென்றது. 1978-இல் அரையிறுதி நாளன்று கடும் பனிப்புயல் வீசியதால் பார்வையாளர் பலர் வீடு திரும்ப இயலாமல் அரங்கிலேயே தங்க நேர்ந்தது. இறுதி ஆட்டம் மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. 1979 முதல் பெண்களுக்கும் தனிப் போட்டி நடைபெறுகிறது. கொரோனா காரணமாக 2021-இல் போட்டி நடக்கவில்லை.

சிறப்பு

கோப்பையை அதிக முறை வென்றது பாஸ்டன் பல்கலைக்கழகம். தொடக்கம் முதலே ஆடிவந்த நார்த்ஈஸ்டர்ன் முதன்முறையாக வென்றது 1980-இல்தான். கூடுதல் நேரத்தில் அடித்த ஒரு கோல் அந்த நீண்ட காத்திருப்பை முடித்துவைத்தது. இரண்டு ஆட்டங்களில் வென்றாலே கோப்பை என்பதால், அவ்வாண்டு மற்ற ஆட்டங்களில் பின்தங்கிய அணிக்கும் இங்கு வாய்ப்பு உண்டு.