நீலத் திமிங்கலம் ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடும்? அதன் கழிவு கடலுக்கு ஏன் தேவை?

25 கிலோ அரிசி மூட்டைகள் 640-ஐ அடுக்கினால் 16 டன் வரும். வட பசிபிக் பெருங்கடலின் கிழக்குப் பகுதியில் வாழும் ஒரு நீலத் திமிங்கலம், இரை தேடும் பருவத்தில் ஒரே நாளில் சாப்பிடுவது இவ்வளவு.

'அவ்ளோ பெரிய உயிரினம் நிறையத்தானே சாப்பிடும், இதில் என்ன புதுசு?' என்று கேட்கலாம். விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாகப் போட்டு வைத்திருந்த கணக்கைவிட இது சுமார் மூன்று மடங்கு அதிகம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ சவோகா தலைமையிலான குழு, 2021 நவம்பரில் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டது. அந்தப் புதிய கணக்கு, அண்டார்டிகா கடலில் நீண்ட நாளாக விடை தெரியாமல் இருந்த ஒரு புதிருக்கும் வழிகாட்டுகிறது.

பழைய கணக்கு ஏன் தப்பியது?

திமிங்கலம் சாப்பிடுவதை யாரும் பக்கத்தில் இருந்து பார்க்க முடியாது. அது நடப்பது கடலுக்கு அடியில், பல நேரம் 100 மீட்டருக்கும் கீழே. அதனால் வேட்டையாடப்பட்ட திமிங்கலங்களின் வயிற்றில் இருந்த இரையை வைத்தோ, சிறிய உயிரினங்களின் ஆற்றல் தேவையைப் பெருக்கியோதான் மதிப்பிட்டு வந்தார்கள். இரண்டுமே தோராயக் கணக்குதான்.

புதிய ஆய்வு எப்படி நடந்தது?

2010 முதல் 2019 வரை, 7 வகைகளைச் சேர்ந்த 321 திமிங்கலங்களின் முதுகில் கருவிகளை ஒட்டினார்கள். சின்னப் படகில் அருகே போய், நீண்ட கழியின் நுனியால் ஒட்டவேண்டும். கார் கண்ணாடியில் போன் ஸ்டாண்ட் ஒட்டிக்கொள்கிற மாதிரி, ரப்பர் கிண்ணம்தான் அதைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே கேமரா, மைக், ஜிபிஎஸ், அசைவைப் பதிவு செய்யும் சென்சார் எல்லாம் உண்டு. சில மணி நேரத்தில் கருவி தானாகக் கழன்று மிதக்கும். எடுத்து டேட்டாவைப் படிக்கலாம்.

நீலத் திமிங்கலம் வேகமாகப் பாய்ந்து, திடீரென வாயைப் பிளக்கும். தன் உடல் எடைக்கு ஏறத்தாழ நிகரான நீரை, இரையோடு சேர்த்து சில நொடிகளில் உள்ளே வாங்கும். பிறகு மேல்தாடையில் சீப்பு போலத் தொங்கும் தகடுகள் வழியாக நீரை மட்டும் வெளியே தள்ளும். இப்படி எத்தனை முறை பாய்ந்தது என்பதைக் கருவி சொல்லிவிடும். வாயின் கொள்ளளவைக் கணிக்க, மேலிருந்து டிரோன் எடுத்த படங்கள் உதவின. அந்த இடத்தில் இரை எவ்வளவு அடர்த்தியாக இருந்தது என்பதை ஒலி அலைகளை அனுப்பி அளந்தார்கள். மூன்றையும் சேர்த்துப் போட்டால் ஒரு நாள் சாப்பாடு தெரிந்துவிடும்.

அண்டார்டிகாவின் புதிர் என்ன?

அண்டார்டிகா கடலில் திமிங்கலங்களின் முக்கிய இரை கிரில். இறால் போல இருக்கும், சுமார் 6 செ.மீ. வரை வளரும். 20-ஆம் நூற்றாண்டில் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் திமிங்கலங்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டன. 1910 முதல் 1970 வரை தென் பெருங்கடலில் மட்டும் சுமார் 15 லட்சம்.

சாப்பிடுகிறவர்கள் குறைந்தால் சாப்பாடு மிஞ்சத்தானே வேண்டும்? கிரில் பெருகும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். நடந்ததோ நேர்மாறு.

வேட்டைக்கு முன்பு தென் பெருங்கடல் திமிங்கலங்கள் ஆண்டுக்கு சுமார் 43 கோடி டன் கிரில் சாப்பிட்டிருக்கும் என்கிறது புதிய கணக்கு. இன்று அந்தக் கடலில் இருக்கும் மொத்த கிரிலைப் போல இது இரு மடங்கு. அப்படியென்றால் அந்தக் காலத்தில் கிரில் இன்னும் பல மடங்கு இருந்திருக்க வேண்டும். அத்தனை கிரிலுக்கும் தீனி எங்கிருந்து வந்தது?

விடை கழிவில்

கிரில் சாப்பிடுவது நுண்ணிய கடல் பாசிகளை. பாசி வளர வெயில் மட்டும் போதாது, இரும்புச்சத்தும் வேண்டும். தென் பெருங்கடலில் அதுக்குத்தான் பஞ்சம். திமிங்கலம் ஆழத்தில் கிரிலைத் தின்றுவிட்டு, மேலே வந்து கழிவை வெளியேற்றுகிறது. அண்டார்டிகா கடல் நீரில் இருப்பதைவிட அந்தக் கழிவில் இரும்பு சுமார் 1 கோடி மடங்கு அதிகம் என்று 2010-ல் ஓர் ஆய்வு காட்டியது.

வயலுக்கு எரு போடுகிற மாதிரிதான். திமிங்கலம் எருப் போட, பாசி வளர்ந்தது. பாசியைத் தின்று கிரில் பெருகியது. கிரிலைத் தின்று திமிங்கலம் வாழ்ந்தது. வேட்டைக்கு முன் ஆண்டுக்கு சுமார் 12,000 டன் இரும்பு இப்படிச் சுழன்றிருக்கும் என்று சவோகா குழு மதிப்பிடுகிறது. இப்போது அதில் பத்தில் ஒரு பங்குதான். கடல் பனி குறைவதும் வெப்பநிலை உயர்வதும்கூட கிரிலைப் பாதிக்கின்றன. எனவே பழியை முழுதும் திமிங்கல வேட்டை மீது போட முடியாது.

நம் பக்கத்துக் கடலில்?

இலங்கைக் கடலில் நீலத் திமிங்கலங்கள் ஆண்டு முழுவதும் உண்டு. குளிர்ந்த கடலுக்குப் போய்த்தான் இவை சாப்பிடும் என்பது பழைய நம்பிக்கை. 2003-ல் இலங்கைக் கடலியல் ஆய்வாளர் ஆஷா டி வோஸ், அங்கே திமிங்கலக் கழிவு மிதப்பதைப் பார்த்தார். கழிவு இருக்கிறது என்றால் இங்கேயே சாப்பிடுகின்றன என்றுதானே அர்த்தம்? கழிவின் மரபணுவைச் சோதித்து அவரது குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வில், இவை கிரிலைவிட செர்ஜெஸ்டிட் என்ற சின்ன இறால் வகையை அதிகம் உண்பது தெரிந்தது. நம்ம ஊர் கருவாட்டுக் கடையில் விற்கும் சென்னாக்கூனியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இப்போது என்ன பிரச்சினை?

வணிகத் திமிங்கல வேட்டைக்கு 1986 முதல் சர்வதேசத் தடை இருக்கிறது. சில வகைகள் மெல்ல மீண்டு வருகின்றன. ஆனால் அவற்றின் சாப்பாட்டுக்கு இப்போது மனிதர்களும் போட்டி. ஒமேகா-3 மாத்திரைக்கும், மீன் பண்ணைத் தீவனத்துக்கும் கிரில் பிடிக்கப்படுகிறது. இந்தியாவும் உறுப்பினராக உள்ள அண்டார்டிகா கடல் வளப் பாதுகாப்பு ஆணையம், அட்லாண்டிக் பக்கப் பகுதியில் ஆண்டுக்கு 6.2 லட்சம் டன் என எல்லை வைத்திருக்கிறது. 2025-ல் பருவம் முடியும் முன்பே அந்த எல்லை முதல்முறையாக எட்டப்பட்டு, பிடிப்பு நிறுத்தப்பட்டது.

43 கோடிக்கு முன்னால் 6.2 லட்சம் சின்ன எண்தான். சிக்கல், கப்பல்கள் வலை போடும் இடத்தில் இருக்கிறது. கிரில் அடர்த்தியாகக் கூடும் அண்டார்டிகா தீபகற்பக் கரையோரத்தில்தான் திமிங்கலங்களும் பெங்குவின்களும் சாப்பிட வருகின்றன. அங்கே எவ்வளவு பிடிக்கலாம் என்று முடிவெடுக்கும்போது, எரு போடுகிறவரின் பங்கையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் கணக்குப் போடவேண்டியிருக்கும்.