வாராத மாணவனும் வரவேற்கும் ஆசிரியரும்

கல்லூரியில் 75 விழுக்காடு வருகை இல்லையேல் தேர்வெழுதுவது கடினம் என்பதை நாம் அனைவரும் நன்கறிவோம். பருவ இறுதியில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் பட்டியலைக் கண்டு கலங்காதவர் நம்முள் சிலரே! ஆனால், ஆறாம் வகுப்புச் சிறுவனை இப்படி விதியைக் காட்டிப் பள்ளிக்கு வரவழைக்க முடியுமா? முடியாது. அவனை அழைத்து வருவன இரண்டு. ஒன்று அரசின் துணை. மற்றொன்று ஆசிரியரின் அன்பு.

முன்னதற்கு நம் மாநிலத்தில் நெடிய வரலாறு உண்டு. 1920இல் சென்னை மாநகராட்சி தன் பள்ளியில் மதிய உணவு வழங்கத் தொடங்கியது. 1956இல் காமராசர் ஆட்சியில் அத்திட்டம் ஊர்ப்புறங்களுக்கும் வந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022இல் காலை உணவும் சேர்ந்தது. பாடநூலும் சீருடையும் பேருந்துப் பயண அட்டையும் விலையின்றிக் கிடைக்கின்றன.

இத்தனைக்குப் பின்னும் பெஞ்சுகள் ஏன் காலியாகின்றன? எங்கள் ஊர்ப் பக்கம் கடலை பறிக்கும் நாட்களில் வகுப்பில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். தாய் கூலிக்குப் போனால் மூத்த பெண் கைக்குழந்தையோடு வீட்டில் நின்றுவிடுவாள். கழிப்பறையில் தண்ணீர் இல்லாத பள்ளிக்கு, வயதுவந்த பெண் மாதத்தில் சில நாள் வரத் தயங்குவாள். கணக்குப் புரியாதவனுக்கோ கணக்குத் தேர்வன்று தவறாமல் வயிற்றுவலி வரும்!

வாரம் ஒரு நாள்தானே என்று பெற்றோர் எண்ணலாம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டில் 200 நாள் பள்ளி நடைபெற வேண்டும். வாரம் ஐந்து நாளில் ஒரு நாள் தவறினால், ஆண்டில் 40 நாள் போய்விடுகிறது. விட்ட பாடம் புரியாது; புரியாததால் மறுநாள் வரப் பிடிக்காது. இப்படித்தான் ஒரு நாள் விடுப்பு வளர்ந்து, ஒரு நாள் படிப்பே நின்றுபோகிறது.

இதனைத் தடுக்க ஆசிரியர் செய்யக்கூடியவை பல. அவற்றுள் எனக்குத் தோன்றும் சிலவற்றை இங்கே கூறுகிறேன்.

முதலாவது, பதிவேட்டைப் படித்தல். இன்று வருகையைக் கைப்பேசிச் செயலியிலும் பதிகிறார்கள். எதில் பதிந்தாலும் அது எண்ணிக்கையைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ஒருவன் சந்தை நாளில் மட்டும் வராதிருக்கிறானா, தேர்வு நாளில் மட்டுமா என்று பார்த்தால் காரணம் தானே விளங்கும்.

இரண்டாவது, திரும்பி வந்தவனை வரவேற்றல். "வாங்க துரை, இன்றைக்குத்தான் வழி தெரிந்ததா?" என்று கேட்டால் வகுப்பு சிரிக்கும்; அவனோ மறுநாள் வரமாட்டான். அச்சட்டம் அடிப்பதை மட்டுமன்று, மனத்தைப் புண்படுத்துவதையும் தடைசெய்கிறது. "நேற்று உன்னைத் தேடினேனப்பா" என்ற ஒரு சொல் போதும்! தாமதமாக வந்தவனை வெளியே நிறுத்துவதும் தவறு. வந்த பிள்ளையின் பாடத்தை நாமே பறிப்பதாகும் அது.

மூன்றாவது, விட்ட பாடத்தை மீட்டுத் தருதல். பக்கத்து மாணவனின் நோட்டும், இடைவேளையில் பத்து நிமிடமும் கொடுத்தால் அவன் பின்தங்கமாட்டான்.

நான்காவது, பெற்றோரைக் காணல். கூலிக்குச் செல்வோரைப் பகலில் பள்ளிக்கு அழைத்தால் ஒரு நாள் கூலி போகும். மாலையில் ஆசிரியரே தெருப்பக்கம் சென்று, பிள்ளையின் நல்லதொரு குணத்தை முதலில் சொல்லிப் பேச்சைத் தொடங்கினால், அவ்வீட்டார் மனம் கனியும்.

ஐந்தாவது, பரிசளித்தல். ஆண்டு முழுதும் தவறாது வந்தவனுக்குப் பரிசு தருவது வழக்கம். காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கு அது எட்டாது. சென்ற மாதத்தினும் இம்மாதம் கூடுதலாக வந்தவனையும் பாராட்டினால், கடைசி பெஞ்சுக்கும் நம்பிக்கை பிறக்கும்.

இவை யாவற்றுக்கும் மேலாக, ஆசிரியர் மணியடிக்குமுன் வகுப்பில் இருக்க வேண்டும். தாம் வாராமல் பிள்ளைகளை வரச்சொல்ல இயலாதன்றோ?

தோழர்களே! நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். நம்மோடு ஒன்றாம் வகுப்பில் அமர்ந்தவர் எல்லோரும் இக்கல்லூரி வரை வரவில்லை. நாளை நம்முள் பலர் ஆசிரியராவோம். அன்று பெயர் வாசிக்கையில் பதில் வாராத பெயரிடத்தே சற்று நின்று, "அவன் ஏன் வரவில்லை?" என்று கேட்போமாக!