பல்லுக்கு ஓர் உறை, சொல்லுக்கு ஒரு சோதனை

"பல்லுப் போனால் சொல்லுப் போச்சு" என்பது எம் முன்னோர் வழங்கிய பழமொழி. பல் போகாமலே சொல் போவதும் உண்டென்பதை அவர்கள் அறிந்திலர் போலும். அதனை அறியும் பேறு, நாற்பதைக் கடந்த வயதில் எமக்கு வாய்த்தது. அதுவும் திருகோணமலைச் சந்தையில், மீன் விற்கும் ஆச்சி ஒருத்தியின் முன்னிலையில்!

அன்று காலையிலேதான் பல்வைத்தியர் எமது மேல்வரிசைக்கு ஒன்றும் கீழ்வரிசைக்கு ஒன்றுமாக இரண்டு உறைகளை மாட்டி அனுப்பியிருந்தார். கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக் உறைகள் அவை. 'கிளியர் அலைனர்' என்பது அவற்றின் பெயர். கோணிய பற்களை நேராக்கக் கம்பி கட்டுவதற்குப் பதிலாக இக்காலத்தில் வந்துள்ள சாதனம் இது. அணிந்திருப்பது பிறர் கண்ணுக்குத் தெரியாது என்பதே இதன் பெரும் புகழ். அந்தத் துணிவிலே, "விளைமீன் தாருங்கள், ஆச்சி" என்றோம். கேட்டவர் நாமே, வெளிவந்த குரலோ எம்முடையதன்று. ஆச்சி எம்மை ஏற இறங்கப் பார்த்து, "வெத்திலையைத் துப்பிப்போட்டுக் கதையும், தம்பி" என்றாள்.

இவ்வயதில் இந்த வேலை எதற்கு என வாசகர் வினவக்கூடும். பள்ளி நாளிலிருந்தே எமக்கு ஒரு வழக்கமுண்டு. சிரிப்பு வருமுன் கை வந்துவிடும். வந்து வாயை மூடிவிடும். முன்பற்கள் இரண்டு ஒன்றன்மேலொன்று ஏறி நின்றமையே காரணம். கலியாண வீட்டுப் புகைப்படங்களில் எல்லாம் நாம் உதட்டை இறுக மூடியபடியே நிற்கிறோம். அண்மையில் மகள் அப்படங்களைப் புரட்டிவிட்டு, "அப்பா ஏன் எல்லாப் படத்திலும் கோபமாக நிற்கிறார்?" என்று தாயிடம் கேட்டாள். அக்கேள்வியே எம்மைப் பல்வைத்தியரிடம் அனுப்பியது.

உறை அணிந்த முதல் மூன்று நாளும் பேச்சு எம் வசத்தில் இல்லை. ஆனால் எல்லா எழுத்தும் இடறவில்லை என்பதே வியப்பு. தொல்காப்பியர் பிறப்பியலில், எந்த எழுத்து வாயின் எவ்விடத்திற் பிறக்கிறதென்று நுணுக்கமாக வகுத்துள்ளார். தகரமும் நகரமும் நாநுனி பரந்து பல்லின் அடியைப் பொருந்தும்போது பிறப்பவை. வகரம் மேற்பல்லும் இதழும் இயையும்போது பிறப்பது. உறை சென்று மூடிக்கொள்வதும் அதே இடங்களைத்தான். ஆகவே தகரமும் நகரமும் வகரமும் தடுமாறின. சகரமும் காற்றாய்ச் சீறிற்று. நாவை அண்ணத்தை நோக்கி மடித்துச் சொல்லும் ழகரத்துக்கோ ஒரு குறையும் நேரவில்லை! 'தமிழ்' என்னும் சொல்லின் முதலெழுத்துத் தள்ளாட, ஈற்றெழுத்து நிமிர்ந்து நின்றது. 'திருகோணமலை' என்று சொந்த ஊரின் பேரைச் சொல்லவும் முதலடியில் இடறினோம்.

இதற்கு மருந்து மௌனமன்று, பேச்சே. பத்திரிகையை நாள்தோறும் கால்மணி நேரம் உரக்க வாசித்தோம். நாக்குத் தனது புதிய எல்லையைப் படிப்படியாகக் கற்றுக்கொண்டது. பத்தாம் நாள் அதே ஆச்சியிடம் விளைமீன் கேட்டபோது, மறுமொழியாக மீன்தான் வந்தது.

இனி, மெல்லிய பிளாஸ்டிக் எவ்வாறு எலும்பிற் பதிந்த பல்லை நகர்த்துகிறது? எமது துறைமுகத்திலே இதற்கு உவமையுண்டு. சீனன்குடா மாவாலைக்குக் கோதுமை கொணரும் பெருங்கப்பலை ஒரு சிறிய இழுவைப் படகு பக்கத்திற் பொருந்தி நின்று மெல்ல மெல்லத் தள்ளுவதைக் கண்டிருப்பீர்கள். இடித்தால் கேடு, விடாது அழுத்தினால் கப்பல் அசையும். பல்லும் அவ்வாறே. பல்லின் வேருக்கும் தாடையெலும்புக்கும் இடையே நுண்ணிய நார்த்திசு ஒன்று உண்டு. உறையின் அழுத்தம் தொடர்ந்து பட்டால், அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது, மறுபக்கத்தில் புதிய எலும்பு வளர்கிறது, பல் இடம்பெயர்கிறது. ஓர் உறை நகர்த்துவது ஏறக்குறைய கால் மில்லிமீற்றரே. அதனாலேயே ஒரு வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ ஒருமுறை அடுத்த உறைக்கு மாறவேண்டும். வாயை ஒளிப்படக் கருவியால் அளந்து, கணினியில் ஒவ்வொரு படியையும் முன்னரே வகுத்து, உறைகளை வரிசையாகச் செய்கிறார்கள்.

இந்த ஆசை புதியதன்று. பால்பல் விழுமுன் நிரந்தரப் பல் முளைத்தால், பால்பல்லைப் பிடுங்கிவிட்டுப் புதியதை நாள்தோறும் விரலாலே தள்ளுமாறு ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் உரோமானியராகிய செல்சஸ் எழுதிவைத்தார். 1728இல் பிரான்ஸ் தேசத்துப் பியேர் ஃபோஷார், உலோகப் பட்டையொன்றிற் பற்களை நூலாற் கட்டும் முறையை வெளியிட்டார். 1945இல் அமெரிக்கராகிய கெஸ்லிங், பற்களை இறுதியாக ஒழுங்குபடுத்த இரப்பர் உறையொன்றை அமைத்தார். 1997இல் சியா சிஷ்டியும் கெல்சி வர்த்தும் கலிபோர்னியாவில் நிறுவிய கம்பெனியே கணினியின் துணையோடு இந்த உறைகளைச் சந்தைக்குக் கொணர்ந்தது. சிஷ்டி தாமே வளர்ந்த வயதிற் கம்பி அணிந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

உறையை நாளொன்றுக்கு 20 முதல் 22 மணிநேரம் அணியவேண்டும். உண்ணவும் பருகவும் பல்துலக்கவும் எஞ்சியிருப்பது இரண்டு முதல் நான்கு மணிநேரமே. தண்ணீரைத் தவிர எதை உட்கொண்டாலும் உறையைக் கழற்றல் வேண்டும். சூடான தேநீர் உறையின் வடிவைக் கெடுக்கும். அதிலுள்ள சீனியோ உறைக்குள் தங்கிப் பல்லை அரிக்கும். உமிழ்நீர் அங்கே சென்று கழுவ வழியில்லை. தேநீர் குடியாத நேரம் எதுவென்று கேட்கவேண்டிய எமக்கு இது பெருந்தண்டனையாயிற்று. ஒன்பது முறையென இருந்த தேநீர் மூன்றாகச் சுருங்கியது. வாயிற் போகிறபோக்கில் எறியும் கச்சானும் வடையும் நின்றன. ஒருநாளில் எத்தனைமுறை பசியின்றி உண்டோம் என்பது அப்போதுதான் கணக்குக்கு வந்தது.

புதிய உறை மாற்றும் நாளிற் பற்கள் கனத்து வலிக்கும். பாணைக் கடிப்பதும் பாடாகும். இரவு படுக்குமுன் மாற்றினால் வலியின் முதற்பங்கு உறக்கத்திற் கழிந்துவிடும். ஓரம் நாவைக் கீறினால் வைத்தியர் அதனைத் தேய்த்துத் தருவார். கழற்றுவதற்கு ஒரு பக்கத்தையே பிடித்து இழுத்தல் கூடாது. இரு கடைவாய்களிலும் உட்புறமாகத் தளர்த்தியே எடுக்கவேண்டும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் நாம் குளிக்கலாம்; உறையைக் குளிப்பாட்டத் தண்ணீரே தகும்.

உப்புவெளியில் உறவினர் வீட்டு விருந்தொன்றில், கழற்றிய உறைகளைக் காகிதத்திற் சுற்றி இலையருகே வைத்தோம். பாயசம் முடிவதற்குள் ஒரு சிறுவன் இலையோடு காகிதத்தையும் வாரிச் சென்றுவிட்டான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எச்சிலிலைக் கூடையைக் கிளறியபோது, சுற்றி நின்றோர் காரணம் கேட்டனர். சொல்லவேண்டியதாயிற்று. உறைகள் அகப்பட்டன, இரகசியந்தான் போய்விட்டது. அன்றுமுதல் சட்டைப்பையில் அதற்குரிய சிமிழ் இல்லாமல் நாம் வெளிக்கிடுவதில்லை. தொலைந்தே போயிருந்தால், முந்திய உறையை அணிந்துகொண்டு வைத்தியருக்கு அறிவிப்பதே முறை.

மாணவர்க்கும் பெற்றோர்க்கும் ஒன்று கூறுவோம். இவ்வுறை எல்லார்க்கும் பொருந்துவதன்று. சில கோணல்களுக்குக் கம்பியே சிறந்தது. தாடையின் குறைக்குச் சத்திரசிகிச்சையும் வேண்டியிருக்கலாம். சொத்தையும் முரசு நோயும் முன்னரே தீர்க்கப்படல் வேண்டும். தபாலில் உறை அனுப்பிப் பெயர்பெற்ற ஓர் அமெரிக்கக் கம்பெனி 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மூடப்பட்டபோது, அதனை நம்பியோர் பாதி வழியில் நின்றனர். வாயைப் பார்க்கும் வைத்தியர் அருகில் இருப்பதே பாதுகாப்பு. நேரான பல்லும் பழைய இடத்தை மறவாது. ஆதலாற் சிகிச்சை முடிந்த பின்னும் அதனைக் காக்கும் உறையை இரவில் அணிந்துவரவேண்டும்.

எமக்கு இன்னும் பல மாதங்கள் உள்ளன. முன்பற்கள் இரண்டும் இப்போதுதான் ஒன்றைவிட்டொன்று விலகத் தொடங்கியிருக்கின்றன. எனினும், சென்ற ஞாயிறு மாலை டச்சுக்குடாக் கடற்கரையிற் குடும்பத்தோடு கச்சான் வாங்கினோம். வழக்கம்போற் சிமிழை எடுத்து, எல்லார் முன்னிலையிலும் உறையைக் கழற்றினோம். மகள் அந்த விருந்துக் கதையை நடித்துக் காட்ட, வாய்விட்டுச் சிரித்தோம். சிரித்து முடித்த பின்னரே கவனித்தோம்: ஒரு கையிற் சிமிழும் மறுகையிற் கச்சானும் இருந்தன, வாயை மூடக் கை எழவேயில்லை.

பிறர் கண்ணுக்குத் தெரியாதென்று நம்பி அணிந்த உறை, நாளுக்குப் பலமுறை பிறர் முன்னே எம்மை வாய் திறக்கச் செய்துவிட்டது. பல் நேராக நாட்செல்லும். கூச்சம் அதற்கு முன்னரே நேராகிவிட்டது.