இயற்கையின் ஒருமையும் இழைக் கொள்கையும்

பலவாகத் தோன்றுவனவற்றிற்கு அடிப்படை ஒன்றோ என ஆராய்தல் மக்கள் அறிவின் இயல்பு. மரத்தினின்று வீழும் கனிக்கும் வானில் உலவும் திங்கட்கும் தொடர்பு யாது? இரண்டையும் ஆள்வது ஒரே ஈர்ப்பு விசை என 1687-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் நியூட்டன் நிறுவினார். மின்னும் காந்தமும் ஒன்றன் இரு கூறுகளே என்பதும், ஒளி அவற்றின் அலையே என்பதும் 1865-இல் மாக்ஸ்வெல் வெளியிட்ட ஆராய்ச்சியால் விளங்கின. அவ்வழியே இன்று தொடரும் முயற்சியொன்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பௌதிக நூலார் கொள்ளும் அடிப்படை விசைகள் நான்கு. அவை ஈர்ப்பு, மின்காந்தம், அணுக்கருவைப் பிணித்து நிறுத்தும் வல்விசை, சில அணுக்கருக்கள் சிதைதற்கு ஏதுவாகிய மெல்விசை என்பன. இவற்றுள் மின்காந்தமும் மெல்விசையும் ஒரு மூலத்தன எனக் கிளாஷோ, வைன்பர்க், சலாம் ஆகிய மூவர் காட்டி, 1979-இல் நோபெல் பரிசு பெற்றனர். அக்கொள்கைக்கு இன்றியமையாத டபிள்யூ, இசட் என்னும் துகள்கள் 1983-இல் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்திற் காணப்பட்டன.

ஈர்ப்பு மட்டும் இவற்றோடு இணங்கிற்றில்லை. ஈர்ப்பாவது இடமும் காலமும் வளைதலே என்பது 1915-இல் ஐன்ஸ்டைன் கண்ட முடிபு. அணுவினுள் நிகழ்வனவற்றை விளக்கும் குவாண்டம் கொள்கையோடு அதனை மிக நுண்ணிய அளவில் இணைத்துக் கணக்கிடின், விடைகள் முடிவிலியாய்ப் பெருகிப் பொருளற்றொழிகின்றன. ஐன்ஸ்டைன் தம் வாழ்நாளின் இறுதி முப்பது ஆண்டுகளை ஒருமைக் கொள்கை தேடிக் கழித்தும், 1955-இல் மறையுங்காறும் அது கைகூடவில்லை.

நிற்க. துகள் என்பது புள்ளியன்று, மிக நுண்ணிய இழையே என்பது இழைக் கொள்கையின் துணிபு. வீணையின் தந்தி ஒன்றே பல சுரங்களை எழுப்புதல்போல, இழையும் தான் அதிரும் வகையால் வெவ்வேறு துகளாய்த் தோன்றும் என்ப. முதற்கண் வல்விசையை விளக்க எழுந்த இக்கொள்கையில், ஈர்ப்பைத் தாங்கும் துகளின் இயல்புடையதோர் அதிர்வும் உளதென 1974-இல் ஷெர்க்கும் ஷ்வார்ட்ஸும் உணர்த்தினர். புள்ளியிற் குவிவது இழையிற் பரவுதலின், முடிவிலியின் தொல்லையும் தணிகின்றது. ஆயின், இதற்குப் பத்துப் பரிமாணங்கள் வேண்டும். நாம் உணராத ஆறும் மிக நுண்ணியவாய்ச் சுருண்டுள்ளன என்பர். ஐவகையாய் நின்ற இக்கொள்கைகள் ஒரு மூலத்தின் வேறுபாடுகளே என 1995-இல் விட்டன் கருத்துரைத்தார்.

இவ்வளவு அழகுடையது மெய்யாதல் வேண்டும் எனச் சிலர் கூறுவர். சோதிக்க இயலாதது அறிவியலாகாது எனச் சிலர் மறுப்பர். இழையோ அணுக்கருவினும் கோடி கோடி மடங்கு சிறிதாகலாம்; 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள செர்ன் பொறியாலும் அதனை அணுக இயலாது. எனினும், மாக்ஸ்வெல் கூறிய அலையை ஹெர்ட்ஸ் சோதனையிற் காட்ட இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. 1964-இற் கூறப்பட்ட ஹிக்ஸ் துகள் 2012-இலன்றோ அகப்பட்டது! ஆதலின், காலத்தாழ்வு ஒன்றே பற்றி இக்கொள்கையைத் தள்ளுதல் தகாது. அழகு ஒன்றே பற்றிக் கொள்ளுதலும் தகாது. கருத்தளவையால் உயர்ந்து நிற்கும் இதற்குக் காட்சியளவை வாய்க்குங்காறும், இதனை முடிபென்னாது கருதுகோளெனக் கொள்வதே நேரிதாம்.