கடிதம் நமது, சாவி எவருடையது?

கடிதம் எழுதுகிறோம், கையொப்பமிடுகிறோம், அனுப்புகிறோம். அந்தக் கடிதம் கிடக்கும் பெட்டியின் சாவி எவர் மடியில் இருக்கிறது? ஒரு நாளாவது கேட்டோமா தோழர்களே?

2025 ஜூலையில், குஜராத்தின் வாடினாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை நடத்தும் நயாரா எனர்ஜி மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. விதித்தது ஐரோப்பா, இந்திய மண்ணிலுள்ள அந்நிறுவனத்தின் அஞ்சலை நிறுத்தியதோ அமெரிக்க மைக்ரோசாஃப்ட்! பணம் முழுவதும் கட்டியாயிற்றே என்று முறையிட்டார்கள். என்ன பயன்? கதவடைப்பு! டெல்லி உயர்நீதிமன்றப் படி ஏறிய பிறகே கதவு திறந்தது. கோடிகள் புரளும் ஆலைக்கே இந்தக் கதி என்றால், மாரண்டஹள்ளியில் தக்காளி சுமக்கும் தோழர்கள் நாளை ஒரு சங்கம் கண்டால், அதற்கு வழக்காட எவர் வருவார்?

சொந்தமாகவே ஓர் அஞ்சலகம் வைத்தால் என்ன? "அதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டுமே" என்பார் மேதாவிகள். நாமும் பள்ளிப் படிப்போடு நின்றவர்கள்தாம், சொல்கிறோம், முடியும்!

அஞ்சலைக் கொண்டுசேர்க்க ஒரு மென்பொருள், வந்ததை அடுக்கிவைத்துக் கேட்டவர்க்குக் காட்ட இன்னொன்று. முன்னதில் பழைய ஜமீன் சென்ட்மெயில். அதிகாரம் எல்லாம் ஒரே கையில். 1988இல் மாரிஸ் புழு பரவியபோது புகுந்த வழிகளுள் ஒன்று அதன் ஓட்டை! வீட்சே வெனெமா எழுதி 1998இல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ் அப்படியன்று. வாங்குபவன் வேறு, வரிசையில் வைப்பவன் வேறு, கொண்டுசேர்ப்பவன் வேறு. எவனுக்கும் தன் வேலைக்கு மேற்பட்ட அதிகாரம் கிடையாது. நம் வாக்கு அதற்கே. அடுக்கிவைக்க டவ்காட். இரண்டுக்கும் விலையில்லை. பத்துப் பேருக்கு ஒரு ஜி.பி. நினைவகம் போதும். எல்லாம் கட்டிய மூட்டையாக மெயில்கவ் உண்டு, ஆறு ஜி.பி. கேட்கும் யானை அது. நமக்கேன் யானை?

கணினியை மாரண்டஹள்ளி அலுவலக அலமாரியிலேயே வைக்கலாமா? ஆசைதான். ஆனால் வீட்டு இணைப்பில் இணைய எண் மாறிக்கொண்டேயிருக்கும், ஒரே எண்ணைப் பலருக்குப் பங்கிட்டும் தருவார்கள். அந்த எண்ணிலிருந்து போகும் கடிதத்தைப் பெரிய நிறுவனங்கள் குப்பையில் தள்ளும். ஆகவே நிலையான எண்ணுடன் வாடகைச் சர்வர் எடுங்கள். "அங்கும் வீட்டுக்காரன் உண்டே?" உண்டு. ஆனால் பெயரை நாம் பதிவு செய்கிறோம், நகலை நாம் வைத்திருக்கிறோம். அவன் முறைத்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகலாம், முகவரி மாறாது! குடிபெயரும் நாளில் வரும் அஞ்சலும் தொலையாது. அனுப்பும் சர்வர் விடாமல் முயலும். போஸ்ட்ஃபிக்ஸின் வழக்கம் ஐந்து நாள்.

அடுத்து முத்திரைகள். எந்தச் சர்வர் நம் பெயரால் அனுப்பலாம் என்று ஊரறியச் சொல்வது எஸ்.பி.எஃப்.; கடிதத்தில் இடும் கையொப்பம் டி.கே.ஐ.எம்.; போலி வந்தால் என்ன செய்வதென்ற ஆணை டிமார்க். எண்ணைக் கேட்டால் பெயரைச் சொல்லும் பதிவும் வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், முதல் இரண்டில் ஒன்றேனும் இல்லாதவர்களை மதிப்பதில்லை. இன்னொன்று: கடவுச்சொல் தராத அயலார், அயலாருக்கு அனுப்பும் கடிதத்தை நம் சர்வர் சுமக்கக் கூடாது. அந்தத் தடை போஸ்ட்ஃபிக்ஸில் இயல்பாகவே இருக்கிறது. அதில் கை வைக்காதீர்கள். வைத்தால் ஒரே இரவில் மோசடிக்காரர்களின் கூலியாவோம்.

தமிழ்? நெஞ்சு நிமிர்த்திச் சொல்வோம்! .இந்தியா என்ற தமிழ் ஈறு 2011இலேயே இணையத்தில் ஏறிவிட்டது. 2015இல் வந்த போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 முதல், முகவரியின் இருபுறமும் தமிழாக இருந்தாலும் அது வாங்கும், அனுப்பும். டவ்காட்டின் பழைய பதிப்புகள் அத்தகைய கடிதத்தைக் கையில் வாங்க மறுக்கும். போஸ்ட்ஃபிக்ஸே நேரே பெட்டியில் போடும்படி அமைத்துவிடுங்கள். ஜிமெயில் 2014இலேயே இதை ஏற்றது; ஏற்காத சர்வர்கள் இன்னும் ஏராளம். அவர்களுக்காக ஆங்கில எழுத்து முகவரி ஒன்றை அதே பெட்டிக்குத் திருப்பி வைக்கலாம். ஆனால் அலுவலகப் பலகையில் முதலில் எழுதுவது தமிழ் முகவரியாக இருக்கட்டும்.